மருந்துச்சீட்டுகளை எவ்வளவு காலம், எப்படி வைத்திருப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சிறிய மருந்துக்கடை ஒன்றில் மருந்தாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்டோர்ரூமில் பதினோரு அட்டைப்பெட்டிகள் நிறையப் பழைய மருந்துச்சீட்டுகள் கிடக்கின்றன. சில 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பல சீட்டுகளில் எழுத்தே மங்கிவிட்டது. இப்போது நாளுக்குச் சுமார் 40 சீட்டுகள் வருகின்றன. “எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுப் பழைய பேப்பர் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிடலாம்” என்கிறார் முதலாளி. எதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? ஸ்கேன் மட்டும் போதுமா? இன்னொன்று: ஒருவர் வந்து, தம் மனைவி எங்கள் கடையில் வாங்கிய மருந்துகளின் பட்டியலைக் கேட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் பிறகு வரச் சொல்லிவிட்டேன். — ஒரு வாசகி

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் அந்தப் பெட்டிகள் கடையை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காராங்குனிக்காரரிடமும் வேண்டாம், புளோக்குக்குக் கீழே இருக்கும் நீல மறுசுழற்சித் தொட்டியிலும் வேண்டாம். ஒரு மருந்துச்சீட்டில் பெயர், அடையாள அட்டை எண், முகவரி மூன்றும் இருக்கும். மருந்தின் பெயரைப் பார்த்தாலே நோயும் தெரிந்துவிடும். மனநோய்க்கோ எச்ஐவிக்கோ மருந்து எடுப்பவரின் சீட்டு தெரிந்தவர் கையில் சிக்கினால் அந்த மனிதருக்கு நேரும் பாதிப்பை எந்த மன்னிப்புக் கடிதமும் சரிசெய்யாது. 2018இல் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் கணினிகளில் ஊடுருவியவர்கள் 15 லட்சம் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றனர். அவர்களில் சுமார் 160,000 பேருடைய வெளிநோயாளி மருந்து விவரங்களும் அதில் போயின. சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும், அதன் கணினி முறைகளை நடத்திய நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டது. உங்கள் கடை சிறியதுதான், ஆனால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறிய கடைக்கும் பொருந்தும். அந்தச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தகவல் பாதுகாப்பு அதிகாரியை நியமித்திருக்க வேண்டும். உங்கள் கடையில் அவர் யார் என்று முதலாளியிடம் கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லை என்றால் அதுதான் உங்கள் முதல் வேலை.

மனைவியின் பட்டியலைக் கேட்டு வந்தவர் விஷயம் எளிது. தன் பதிவைப் பார்க்கும் உரிமை அந்தப் பெண்மணியுடையது, கணவருடையது அல்ல. அவரே நேரில் வந்து அடையாள அட்டையைக் காட்டலாம். இல்லாவிட்டால் இன்ன காலத்துக்கான பட்டியலை இன்னாரிடம் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம். கையெழுத்தில் சந்தேகம் இருந்தால், பதிவில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து உறுதிசெய்யுங்கள். வந்தவர் தரும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். கோரிக்கை வந்த 30 நாளுக்குள் விவரத்தைக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் எப்போது கொடுக்க முடியும் என்று அந்தக் கெடுவுக்குள்ளேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கணவரிடம் “அப்படி ஒரு பதிவு இருக்கிறது” என்றுகூடச் சொல்லிவிடாதீர்கள். மனைவி இந்தக் கடையில் மருந்து வாங்கினார் என்பதே வெளியில் சொல்லக்கூடாத தகவல். பெரும்பாலும் அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். ஆனால் கவுன்டரில் நிற்கும் உங்களால் அதை அளந்து பார்க்க முடியாது.

இனி காலக்கெடு. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கடையில் இருக்கும் காகிதம் எல்லாவற்றுக்கும் ஒரே கெடு என்று நினைத்துவிடுகிறார்கள்.

மருந்துச்சீட்டுக்கும் வழங்கல் பதிவுக்கும் (யாருக்கு எந்த மருந்தை எப்போது கொடுத்தோம் என்ற குறிப்பு), மருந்து கொடுத்த நாளிலிருந்து குறைந்தது 2 ஆண்டு. மருத்துவர் சீட்டு எழுதிய நாளிலிருந்து அல்ல. மறுமுறை வாங்கும் சீட்டாக இருந்தால் கடைசித் தடவை கொடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள். ஆறு மாதத்துக்கு எழுதிய இரத்த அழுத்தச் சீட்டை ஜனவரி கட்டில் செருகிவிட்டு, அந்தக் கட்டுக்கு 2 ஆண்டு ஆனதும் கிழித்தால் ஜூன் மாதம் கொடுத்ததற்கு ஆதாரம் இருக்காது. மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளின் பதிவேடு வேறு சட்டத்தின் கீழ் வருகிறது, அதன் காலம் பதிவேட்டின் கடைசி வரி எழுதிய தேதியிலிருந்துதான் தொடங்கும். மொத்த விற்பனையாளர் தரும் பில்கள், கணக்குப் புத்தகங்கள், ஜிஎஸ்டி ஆவணங்கள் ஆகியவற்றுக்கு 5 ஆண்டு. அவை வருமான வரி ஆணையத்துக்கானவை, சீட்டுக் கட்டோடு கலக்கக் கூடாது.

இவற்றைத் தவிர வழக்குக்கான காலமும் உண்டு. தவறான மருந்தால் உடல் பாதிக்கப்பட்டவர், அந்தப் பாதிப்பு தனக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த நாளிலிருந்து அல்ல, தெரியவந்த நாளிலிருந்து. பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால் அது பெரியவராகும் வரை இந்தக் காலம் ஓடத் தொடங்காது. அப்படியொரு நாளில், நீங்கள் சரியான மருந்தைத்தான் கொடுத்தீர்கள் என்பதைக் காட்டும் ஒரே சாட்சி உங்கள் பதிவுதான்.

அதற்காக எல்லாவற்றையும் காலமெல்லாம் வைத்திருக்கவும் முடியாது. தேவை முடிந்த பிறகும் பிறர் தகவலை வைத்திருப்பதைத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2014ஆம் ஆண்டுச் சீட்டுகள் இன்னும் கிடப்பதற்கு உங்கள் கடையில் யாரும் ஒரு காரணம் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். என் பரிந்துரை இது: அசல் காகிதச் சீட்டுக்கு 3 ஆண்டு, கணினியில் உள்ள வழங்கல் பதிவுக்கு 6 ஆண்டு, சிறார் பதிவுகளுக்கு அதைவிடக் கூடுதல். எந்தப் பதிவு, எத்தனை ஆண்டு, ஏன் என்று ஒரே பக்கத்தில் எழுதி, முதலாளியும் நீங்களும் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டுங்கள். 2 ஆண்டு என்பது சட்டம் கேட்கும் கீழ்வரம்பு. அதைவிட நீட்டுவதற்குக் காரணம் எழுத்தில் இருந்தால் போதும்.

எவ்வளவு இடம் தேவைப்படும் என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். நாளுக்கு 40 சீட்டு, மாதம் 26 நாள் என்றால் மாதத்துக்கு 1,040. மூன்று ஆண்டில் சுமார் 37,500 தாள்கள். 500 தாள் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரம் வரும் என்பதால் அவற்றுக்கு ஏறக்குறைய நாலு மீட்டர் அலமாரி நீளம் வேண்டும். மடிப்பும் கிளிப்பும் சேர்த்தால் ஐந்து மீட்டர். ஸ்டோர்ரூமின் ஒரு சுவர் போதும். பதினோரு பெட்டிகளுக்கு அவசியமே இல்லை.

ஸ்கேன் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், 2010, ஆவணங்களை மின்னணு வடிவில் வைத்திருப்பதை ஏற்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: பின்னாளில் திறந்து படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், மூலத்தை அப்படியே காட்ட வேண்டும், எப்போது, எங்கிருந்து வந்தது என்ற விவரம் தொலையாமல் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் ‘ஐஎம்ஜி 4471’ என்ற பெயரில் கிடந்தால் இவற்றில் எதுவும் நிறைவேறாது. 300 டிபிஐ, வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீல மையில் போட்ட கையெழுத்தும், நகலெடுத்த கையெழுத்தும் ஒரே மாதிரி தெரியும், பிறகு போலிச் சீட்டு என்ற சந்தேகம் வந்தால் பிரித்துப் பார்க்க முடியாது. பின்பக்கத்தையும் எடுங்கள். வேறு கடைகள் பகுதி மருந்து கொடுத்து முத்திரை வைத்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். கோப்பு அளவு பெரிய பிரச்சினை இல்லை, தாளுக்கு அரை மெகாபைட் என்று வைத்தாலும் மூன்று ஆண்டுச் சீட்டுகள் 20 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கட்டுப்பாட்டு மருந்துச் சீட்டுகளை மட்டும் ஸ்கேனை நம்பிக் கிழிக்காதீர்கள். அவற்றின் அசல் கடையிலேயே இருக்கட்டும்.

சீட்டுகள் மங்கியதற்குக் காரணம் வயது அல்ல. அவை தெர்மல் தாளில் அச்சானவை. அந்தத் தாளில் மை கிடையாது, மேற்பூச்சு சூடுபட்டுக் கறுப்பாகிறது, அவ்வளவுதான். வெளிச்சம், வெப்பம், பிவிசி உறைகள், கைச் சுத்திகரிப்பானில் உள்ள ஆல்கஹால், ஹைலைட்டர் மை என்று எதுவும் அதைக் கெடுக்கும். முக்கிய வரியை மஞ்சளில் அடிக்கோடிட்ட நல்ல மருந்தாளர்தான் அறியாமல் அந்த வரியை அழித்திருப்பார். ஆகவே தெர்மல் தாளில் வரும் சீட்டை அன்றே ஸ்கேன் செய்யுங்கள், பிளாஸ்டிக் உறைக்குப் பதில் காகித உறையில் வையுங்கள். மங்கியவற்றை வண்ணத்தில் ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் சில மீளும். மீளாதவற்றுக்குக் கணினியில் உள்ள வழங்கல் பதிவின் அச்சுப்பிரதியை இணைத்து, “அசல் படிக்க முடியவில்லை” என்று தேதியோடு எழுதுங்கள். ஊகித்து எழுத்தை நிரப்ப வேண்டாம்.

நம் ஊர் ஈரப்பதமும் காகிதத்துக்கு எதிரிதான். இரவில் குளிர்சாதனத்தை நிறுத்தியதும் ஸ்டோர்ரூம் வெந்து ஈரமாகும், காலையில் மறுபடி குளிரும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது. ராமபாணப் பூச்சியும் அங்கே வளரும். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் 15 சென்டிமீட்டராவது உயரத்தில் வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மேலே தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள். இரும்பு ஸ்டேப்பிள் துருப்பிடித்துத் தாளையே தின்றுவிடும், பிளாஸ்டிக் பூசிய கிளிப் போதும்.

இவ்வளவும் வைத்திருப்பதைப் பற்றி. தேடினால் கிடைக்காத பதிவு இருந்தும் இல்லாததுதான், அதனால் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

மருந்துக்கடைகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அதிகாரி வந்து ஒரு பெயரைச் சொல்லி, “இவருக்கு என்ன கொடுத்தீர்கள், யார் எழுதியது, எப்போது?” என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் எடுக்க முடிய வேண்டும். சீட்டுகளைப் பெயர் வரிசையில் அடுக்கினால் நம் வாடிக்கையாளர்களிடம் அது நடக்காது. நம் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை. அடையாள அட்டையில் “முத்து எஸ்/ஓ ராமன்” என்று இருப்பவர் பலதுறை மருந்தகச் சீட்டில் “ராமன் முத்து”, தனியார் மருந்தகச் சீட்டில் “ஆர். முத்து”, உங்கள் கணினியில் “முத்துராமன்”. ஒரே ஆள், நான்கு கோப்புகள். இதில் ஆபத்து தேடும் சிரமத்தோடு நிற்பதில்லை. ஒரு கோப்பில் பெனிசிலின் ஒவ்வாமை குறிக்கப்பட்டிருக்கும், மருந்து கொடுப்பது வேறு கோப்பைப் பார்த்து. இதற்கு மறுபக்கமும் உண்டு: ஒரே தங்குவிடுதியில் தங்கியிருக்கும் இரண்டு மணிகண்டன்களின் பதிவு ஒன்றாகிவிடுவதும் நடக்கிறது.

எனவே அடையாள எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். நிரந்தரவாசிகளுக்கும் குடிமக்களுக்கும் அடையாள அட்டை எண், வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டவர் அடையாள எண். தேவையில்லாமல் அடையாள எண்ணைக் கேட்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருப்பதால் சில கடைகள் பயந்து எண்ணையே எழுதாமல் விடுகின்றன. அது தவறு. சட்டம் கேட்கும் இடத்தில் எழுதத்தான் வேண்டும், மருந்துச்சீட்டு அப்படிப்பட்ட இடம். அதே எண்ணை உறுப்பினர் அட்டைக்கோ அதிர்ஷ்டக் குலுக்கலுக்கோ பயன்படுத்துவதுதான் தடை. எண்ணின் கடைசி எழுத்து அதற்கு முந்தைய இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. உங்கள் மென்பொருளில் அந்தச் சரிபார்ப்பை இயக்கிவைத்தால் ஓர் இலக்கம் தவறினாலும் அங்கேயே தடுத்துவிடும். சுற்றுப்பயணிகளுக்குக் கடவுச்சீட்டு எண்ணோடு பிறந்த தேதியையும் எழுதுங்கள், ஏனென்றால் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும்.

தினசரி முறை எளிதாக இருந்தால்தான் கடைசிவரை நிற்கும். சீட்டு கைக்கு வந்ததும் முதலில் அது செல்லுமா என்று பாருங்கள்: மருத்துவரின் பெயர், முகவரி, கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயரும் அடையாள எண்ணும், மருந்து, மொத்த அளவு, சாப்பிடும் முறை. எழுதியவர் சிங்கப்பூரில் பதிவுபெற்ற மருத்துவராகவோ பல் மருத்துவராகவோ இருக்க வேண்டும். சென்னையிலோ ஜொகூரிலோ எழுதிய சீட்டு எவ்வளவு பெரிய நிபுணருடையதாக இருந்தாலும் இங்கே செல்லாது. தேக்கா பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும், பக்குவமாக மறுத்து இங்குள்ள மருத்துவரிடம் அனுப்புங்கள். சீட்டு சரியாக இருந்தால் கணினி தரும் வரிசை எண்ணைச் சீட்டின் மேல்மூலையில் எழுதி, அதே எண்ணை மருந்து லேபிளிலும் வழங்கல் பதிவிலும் ஸ்கேன் கோப்பின் பெயரிலும் வையுங்கள். ஒன்றைப் பிடித்தால் மற்ற மூன்றும் வந்துவிடும். காகிதத்தை அந்த எண் வரிசையிலேயே அடுக்குங்கள், பெயர் வரிசை வேண்டவே வேண்டாம்.

பகுதி மட்டும் கொடுத்தால், சீட்டிலேயே தேதி, கொடுத்த அளவு, கடை முத்திரை மூன்றையும் பதித்து இருபக்கமும் ஸ்கேன் செய்துவிட்டு அசலைத் திருப்பித் தாருங்கள். முத்திரையைக் கட்டாயம் அச்சிட்ட எழுத்தின் ஓரத்தைத் தொடும்படி வையுங்கள். வெற்று ஓரத்தில் வைத்தால் கத்தரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் உண்டு. கடைசிப் பகுதியைக் கொடுக்கும் கடை அசலை வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவில் மருந்தின் பொதுப்பெயர் மட்டும் இருந்தால் போதாது. 2019 டிசம்பரில் சுகாதார அறிவியல் ஆணையம் இங்கு விற்பனையில் இருந்த 46 மெட்ஃபார்மின் தயாரிப்புகளில் 3ஐ மீட்டுக்கொண்டது. நீரிழிவு உள்ளவர் வந்து “என்னுடையது அந்த மூன்றில் ஒன்றா?” என்று கேட்டால், “மெட்ஃபார்மின் 500” என்று மட்டும் எழுதிய பதிவு பதில் சொல்லாது. தயாரிப்பின் வணிகப் பெயர், வலிமை, முடிந்தால் தொகுப்பு எண் என மூன்றையும் பதியுங்கள். சீட்டு இல்லாமல் மருந்தாளர் பார்த்துக் கொடுக்கும் மருந்துகளுக்கும் வழங்கல் பதிவு உண்டு என்பதை மறக்க வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்தைத் திரும்பத் திரும்ப வாங்குபவரைக் கண்டுபிடிப்பது அந்தப் பதிவுதான்.

கட்டுப்பாட்டு மருந்துப் பதிவேட்டில் மட்டும் எந்தச் சலுகையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தைத்துக் கட்டிய புத்தகமாக இருக்க வேண்டும், உதிரித்தாள் கூடாது. ஒவ்வொரு வகை மருந்துக்கும் தனிப் பகுதி, தேதி வரிசை, அழியாத மை. வரவோ செலவோ நடந்த அன்றே எழுதுங்கள், தவறினால் மறுநாளுக்குள். பிழை வந்தால் அடிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. தவறிய வரியை அப்படியே விட்டு, ஓரத்திலோ அடியிலோ திருத்தத்தையும் தேதியையும் எழுதுங்கள். பொறுப்பேற்ற புதிதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அலமாரியில் உள்ள ஒவ்வொரு மாத்திரையையும் எண்ணி, பதிவேட்டு இருப்போடு ஒப்பிட்டு, இன்னொருவரைச் சாட்சியாக வைத்துக் குறித்துவைப்பது. அதைச் செய்யாமல் நாள் ஓடினால், உங்களுக்கு முன்னால் விழுந்த குறைவும் உங்கள் கணக்கில் வந்துவிடும்.

இப்போது பதினோரு பெட்டிகள். முதல் சுற்றில் ஆண்டு வாரியாக மட்டும் பிரியுங்கள், படித்துக்கொண்டு உட்காராதீர்கள். இரண்டாவது சுற்றில் பழைய ஆண்டுகளிலிருந்து கட்டுப்பாட்டு மருந்துச் சீட்டுகள், புகாரோ காப்புறுதிக் கோரிக்கையோ நிலுவையில் உள்ளவை, சிறார் சீட்டுகள், மொத்த விற்பனை பில்கள் ஆகியவற்றைத் தனியே எடுங்கள். மிச்சம் கெடு தாண்டியவை. அவற்றை ஸ்கேன் செய்யத் தேவையில்லை, வைத்திருக்கக் காரணம் இல்லாததைக் கணினியில் ஏற்றுவது அதே குற்றத்தை வேறிடத்துக்கு மாற்றுவதுதான். கிழிக்கும் இயந்திரம் நீள நாடாவாக வெட்டுவதாக இருக்கக் கூடாது, நாடாக்களை ஒட்டிப் படித்துவிடலாம். துகளாக வெட்டும் பி-4 தரம் வேண்டும், அதில் ஒவ்வொரு துண்டும் 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போகாது. இவ்வளவு காகிதத்தைக் கடையில் இருக்கும் சின்ன இயந்திரம் தாங்காது. வாசலிலேயே வண்டியை நிறுத்திக் கண்ணெதிரே கிழித்து, அழித்ததற்குச் சான்றிதழும் தரும் சேவையை அமர்த்துங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையுள்ள சீட்டுகள், எப்போது, எப்படி, யார் முன்னிலையில் அழிக்கப்பட்டன என்று ஒரு வரி எழுதிச் சான்றிதழோடு வையுங்கள்.

கணினிப் பதிவுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும்: கடைக் கணினியில் ஒன்று, வேறு கருவியில் ஒன்று, கடைக்கு வெளியே மறையாக்கம் செய்தது ஒன்று. வெளிப்பிரதி எப்போதும் இணைப்பில் இருந்தால் பிணைத்தொகை கேட்கும் நச்சுநிரல் அதையும் பூட்டிவிடும், ஆகவே வேலை முடிந்ததும் துண்டியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பழைய நாளின் பதிவை அந்தப் பிரதியிலிருந்து மீட்டுப் பாருங்கள். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் இருக்கட்டும், வேலையை விட்டவரின் கணக்கை அன்றே மூடுங்கள். வாட்ஸ்ஆப்பில் வாடிக்கையாளர் அனுப்பும் சீட்டுப் படத்தை மருந்தை எடுத்துவைக்க மட்டும் பயன்படுத்தி, அசலைப் பார்த்த பிறகே கொடுங்கள். கொடுத்ததும் கைப்பேசியிலிருந்து படத்தை நீக்குங்கள், அது தானாகச் சேரும் ஆல்பத்திலிருந்தும். தகவல் கசிந்தது தெரிந்தால், 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டாலும் சரி, ஒருவருக்கே பெரும் தீங்கு நேரக்கூடியதாக இருந்தாலும் சரி, அப்படி என்று கணித்த 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சனி, ஞாயிறும் அந்த மூன்றில் அடக்கம்.